ஏர்வாடியிலிருந்து ராமேஸ்வரம்: சைக்கிளுக்கு எந்த வழி?

மலைக்காட்டுப் பாதைகளுக்கென்று செய்த தடித்த டயர் சைக்கிள்கள் இப்போது நம் கடற்கரைக்கும் வந்துவிட்டன. இமாச்சலத்தில் இரண்டு முறை ஓட்டிவிட்டு வந்த என் தங்கை மகனுக்கு, ஏர்வாடியிலிருந்து ராமேஸ்வரத்துக்கு மெயின் ரோட்டைத் தொடாமல் போக வேண்டும் என்று ஆசை. செல்போன் வரைபடத்தில் கடலை ஒட்டியே ஒரு கோடு இழுத்து வைத்திருந்தான். "தூரம் கம்மி மாமா" என்றான். அந்தக் கோட்டில் தண்ணீர் எங்கே என்று கேட்டேன். அவனிடம் பதில் இல்லை. அவனுக்குச் சொன்னதைக் கொஞ்சம் விரிவாக இங்கே எழுதுகிறேன்.

இமயமலைக் காட்டுப் பாதைகள் சைக்கிள்காரர்களுக்காகப் போட்டவை அல்ல. வெள்ளைக்காரர் காலத்து வனத்துறை அதிகாரிகள் குதிரையிலும் கால்நடையாகவும் முகாம் போவதற்கு வெட்டியவை பல. சுமை தூக்கிய கோவேறு கழுதை மூச்சு வாங்காமல் ஏற வேண்டும் என்பதால் சரிவு மெதுவாக இருக்கும். ஒரு நாள் நடைக்கு ஒரு வன ஓய்வு விடுதி, பக்கத்திலே ஊற்று. 1850-இல் டல்ஹவுசி காலத்தில் சிம்லாப் பக்கம் தொடங்கிய இந்துஸ்தான்–திபெத் சாலையும் முதலில் இப்படிப்பட்ட குதிரைப் பாதைதான். இன்று அங்கே ஓட்டுகிற பையன்களுக்கு வழி சுகமாக இருக்கிறதென்றால், கழுதையின் மூச்சையும் மனிதனின் தாகத்தையும் கணக்குப் பார்த்து யாரோ எப்போதோ அதைத் தேர்ந்தெடுத்திருக்கிறார்கள் என்று அர்த்தம்.

நம் ஊரில் மலை இல்லை. ஆனால் இதே கணக்கு இங்கே அதற்கும் முந்தியது. காசியிலிருந்தும் மதுரையிலிருந்தும் சேதுவுக்கு வந்த யாத்ரீகர்களின் வழி மானாமதுரை, பரமக்குடி, ராமநாதபுரம் என்று வைகையைப் பிடித்துக்கொண்டே வந்தது. ஆற்றில் தண்ணீர் ஓடாவிட்டாலும் மணலைத் தோண்டினால் ஊற்று கிடைக்கும். மிச்சமிருக்கும் வைகை ராமநாதபுரம் பெரிய கண்மாயில் வந்து சேர்கிறது. அதற்குக் கிழக்கே ஆற்றின் துணை கிடையாது. அங்கேதான் சேதுபதிகளின் சத்திரமும் மடமும் ஊரணியும் வேலை செய்தன. சேதுவுக்குப் போகிறவர்களைக் காப்பது அவர்களுக்குப் பட்டத்தோடு வந்த பொறுப்பு. அதற்காகத்தான் ஊர்களையே தர்மத்துக்கு எழுதி வைத்தார்கள்.

ஊர்ப் பெயர்களைப் படித்தாலே பாதி வழி தெரிந்துவிடும். ரெட்டையூரணி, புதுமடம், மண்டபம், அக்காள்மடம், தங்கச்சிமடம். எங்கே தங்கலாம், எங்கே குடிக்கலாம் என்று பெயரே சொல்லிவிடுகிறது.

கடைசி இரண்டு ஊர்களைப் பற்றி ஒரு கதை வழங்குகிறது. 18-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஆண்ட விஜய ரகுநாத சேதுபதி, பாம்பன் பகுதியைத் தன் மருமகனிடம் ஒப்படைத்திருந்தாராம். அவர் யாத்ரீகர்களிடம் வரி பிடுங்கினார் என்று தெரிந்ததும் மாமனாரே மரண தண்டனை விதித்தாராம். அக்காள், தங்கை இருவருமே அவருக்கு மனைவியர். இருவரும் உடன்கட்டை ஏறினார்கள் என்றும், அவர்கள் நினைவாகவே அந்த மடங்கள் எழுந்தன என்றும் சொல்வார்கள். வழிப்போக்கனைத் தொந்தரவு செய்வது எவ்வளவு பெரிய குற்றம் என்பதை நம் ஜனங்கள் இந்தக் கதை வழியாக நினைவில் வைத்திருக்கிறார்கள்.

தண்ணீர் பார்க்காத பாதை என்ன செய்யும் என்பதற்கும் நம் மக்களே சாட்சி. 19-ஆம் நூற்றாண்டில் இலங்கைக் காப்பித் தோட்டங்களுக்குப் போன தமிழ்த் தொழிலாளர்கள் இந்தக் கரையிலிருந்து மன்னார்ப் பக்கம் இறங்கி, அங்கிருந்து மாத்தளை வரை நூறு மைலுக்கு மேல் வறண்ட காட்டுக்குள் நடந்தார்கள். தாகத்திலும் காலராவிலும் காய்ச்சலிலும் வழியோரம் செத்தவர்கள் ஏராளம். கிணறும் தங்கும் கொட்டகைகளும் அந்த வழிக்குப் பிறகுதான் வந்தன.

இனி சைக்கிள் கதை. பாம்பன் ரயில் பாலம் திறந்தது 1914 பிப்ரவரியில். சாலைப் பாலம் திறந்தது 1988 அக்டோபர் 2-இல். இடைப்பட்ட 74 வருஷமும் சைக்கிளை மிதித்துக்கொண்டு ராமேஸ்வரம் போக வழியே கிடையாது. ரயிலில் ஏற்ற வேண்டும், இல்லாவிட்டால் படகில். இன்று பாலத்தில் நின்று செல்பி எடுக்கிறவர்களுக்கு இது தெரியாது.

நான் பொதுப்பணித் துறையில் இருந்தபோது கண்மாய்க் கரைகளில் சைக்கிள் மிதித்தவன். அந்த அனுபவத்தில் சில விஷயங்கள். காய்ந்த கடற்கரை மணலில் எந்த டயரும் புதையும். அலை நனைத்த ஈரமணல் கெட்டியாக இருக்கும். ஆனால் உப்பு ஒரே நாளில் செயினைத் தின்றுவிடும். கண்மாய்க் கரை நல்ல பாதை, மடையும் கலுங்கும் வரும் இடத்தில் இறங்கித் தள்ள வேண்டும். சீமைக்கருவேல் அடர்ந்த ஒற்றையடிப் பாதையில் முள் டியூபை விட்டுவைக்காது. காற்றையும் பார்க்க வேண்டும். ஆனி, ஆடியில் கச்சான் காற்று கிழக்கே போகும்போது முதுகில் தள்ளும், திரும்பும்போது நெஞ்சில் அடிக்கும். ஐப்பசிக்கு மேல் வாடை வந்தால் கணக்கு தலைகீழ்.

ஆகவே நான் சொல்லும் வழி இது. விடியுமுன் ஏர்வாடியில் கிளம்பி, கிழக்குக் கடற்கரைச் சாலையில் கீழக்கரை. அங்கிருந்து திருப்புல்லாணி, சேதுக்கரை. பிறகு சின்னச் சாலைகளிலேயே பெரியபட்டினம். சீனப் பீங்கான் ஓடுகள் தோண்டியெடுத்த பழைய துறைமுகம் அது. அடுத்து முத்துப்பேட்டை, ரெட்டையூரணி, உச்சிப்புளி. வெயில் உச்சிக்கு வருவதற்குள் ஓரிடத்தில் ஒதுங்கிவிட்டு, மாலையில் மண்டபம். மொத்தம் 60 கிலோமீட்டருக்குள் அடங்கும். இரவு அங்கேயே தங்கலாம். மறுநாள் காலை காற்று எழும்புமுன் பாலத்தைக் கடந்தால் பாம்பன், அக்காள்மடம், தங்கச்சிமடம், ராமேஸ்வரம். அது 20 கிலோமீட்டர்தான்.

கடலோரக் கோட்டைவிட இது சற்றுச் சுற்றுதான். ஆனால் வழி நெடுக ஊர் உண்டு, டீக்கடை உண்டு, கேட்டால் ஒரு செம்பு தண்ணீர் தராத வீடு இந்தப் பக்கம் கிடையாது. போகிறவர்கள் ஒரு காரியம் செய்யுங்கள்: வழியில் பார்க்கும் ஒவ்வொரு ஊரணியிலும் தண்ணீர் இருக்கிறதா, தூர்ந்து கிடக்கிறதா என்று குறித்துக்கொண்டு வந்து எனக்குச் சொல்லுங்கள். என் நோட்டில் 1990-களில் எழுதிய பட்டியல் ஒன்று இருக்கிறது. ஒப்பிட்டுப் பார்க்க வேண்டும்.