வேணுமும் விசுவாசமும்: வயது வந்தோரின் திருமுழுக்கு ஆயத்தத்தில் ஒரு வினைச்சொல்

வயது வந்த ஒருவர் கத்தோலிக்க சமயத்தில் சேர முன்வரும்போது அவரை ஆயத்தப்படுத்தும் முறை, சமய வரலாற்றுக்கு மட்டுமன்றி மொழிபெயர்ப்பு வரலாற்றுக்கும் உரிய பொருளாகும். தமிழில் அவ்வரலாற்றின் தொடக்கத்திலேயே ஒரு பிழைதிருத்தம் காணப்படுகிறது.

முத்துக்குளித்துறைப் பரதவர் 1535-37ஆம் ஆண்டுகளில் பெருந்தொகையினராகத் திருமுழுக்குப் பெற்றனர். அவர்களுக்குத் தமிழில் போதனை எதுவும் இல்லையென்றே கூறலாம். 1542இல் அங்கு வந்த பிரான்சிஸ் சவேரியார், தமிழும் போர்த்துக்கேயமும் அறிந்த சிலரின் துணையால் செபங்களையும் விசுவாச அறிக்கையையும் தமிழாக்குவித்து, அவற்றைத் தாமே மனனம் செய்து, கையில் மணியுடன் ஊரூராகச் சென்று கற்பித்தார். தமிழை அவர் நன்கு அறிந்தவரல்லர். எனினும் 1544இல் தம் துணைவர் மன்சிலாசுக்கு எழுதிய மடலில் ஒரு திருத்தத்தை வற்புறுத்துகிறார்: விசுவாச அறிக்கையில் 'வேணும்' என்று சொல்லப்படும் இடத்தில் விசுவாசத்தைக் குறிக்கும் சொல்லே வர வேண்டும், முன்னையது விருப்பத்தைக் குறிப்பது.

இத்திருத்தம் சிறிதன்று. அதே ஆண்டின் இறுதியில் திருவிதாங்கூர்க் கடற்கரையில் ஒரே மாதத்தில் பதினாயிரத்துக்கு மேற்பட்டோருக்குத் திருமுழுக்கு அளித்ததாகச் சவேரியார் எழுதினார். அங்கு அவர் கையாண்ட முறை சுருக்கமானது. சிலுவை அடையாளம், பாவசங்கீர்த்தன மந்திரம், விசுவாச அறிக்கை, பத்துக் கட்டளைகள் ஆகியவற்றைத் தமிழில் சொல்லிக்கொடுத்தார். பின்னர் அறிக்கையின் ஒவ்வொரு பகுதியையும் விசுவசிக்கிறார்களா என்று வினவினார். மக்கள் மார்பின்மேல் கைகளைக் குறுக்காக வைத்து விடையளித்தனர். ஆயத்தம் இத்துணைக் குறுகியதாயிருக்கையில், அதன் பாரம் முழுவதும் ஒரு வினைச்சொல்லின்மீதே சுமத்தப்படுகிறது.

'எனக்கு வேணும்' என்பது நான்காம் வேற்றுமைத் தொடர். இதில் 'நான்' எழுவாயன்று. வேட்கை 'எனக்கு' நேர்வது. 'விசுவசிக்கிறேன்' என்பதிலோ தன்மை விகுதி பேசுவோனை வினைமுதலாக்குகிறது. எனவே சவேரியாரின் திருத்தம் சொற்பொருளோடு நில்லாமல் வாக்கிய அமைப்பையும் மாற்றியது. பெயர் தெரியாத அம்மொழிபெயர்ப்பாளர்களைக் கவனமற்றவர்கள் என ஒதுக்க எனக்கு மனமில்லை. அதற்கான காரணம் கீழே விளங்கும்.

ஆயத்தத்தை நீட்டிக்க நூல் வேண்டியிருந்தது. அன்றீக்கே அன்றீக்கசு அடிகளாரின் 'தம்பிரான் வணக்கம்' 1578இல் கொல்லத்தில் அச்சேறியது, பதினாறே பக்கங்கள். 1579இல் கொச்சியில் வெளிவந்த 'கிரீசித்தியானி வணக்கம்' வினாவிடை வடிவில் விரிந்தது. 1606இல் மதுரைக்கு வந்த தத்துவ போதகரான இராபர்ட் தெ நோபிலி, ஒலிபெயர்த்த போர்த்துக்கேயச் சொற்களை விடுத்து வடமொழி வழிச் சொற்களை நாடினார். அவரது 'ஞானோபதேசம்' மனனத்தைவிட அறிவுவழி விளக்கத்துக்கே இடமளிப்பது. இம்மரபில் வேரூன்றிய 'ஞானஸ்நானம்' தெலுங்குக் கத்தோலிக்கரிடையேயும் வழங்குகிறது. செகந்திராபாத் பாளையத்தைச் சார்ந்த போவன்பள்ளியில் இரு மொழியினரும் சந்திக்க நேர்ந்தால் இச்சொல்லுக்கு மொழிபெயர்ப்பே வேண்டியதில்லை. போதிக்கும் பொறுப்பை உபதேசியார் ஏற்றபின் அவர்களுக்கும் வழிகாட்டி தேவைப்பட்டது. வீரமாமுனிவரின் 'வேதியர் ஒழுக்கம்' அதனை நிறைவு செய்தது.

பண்டைத் திருச்சபையில் வழங்கிய படிப்படியான ஆயத்தத்தை மீட்டெடுக்குமாறு இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1963இல் பணித்தது. அதற்கான சடங்குமுறை 1972இல் உரோமையில் வெளியிடப்பட்டது. அதன்படி வாயிலில் நிற்பவரிடம், திருச்சபையிடமிருந்து அவர் கேட்பது யாது என வினவப்படுகிறது. விசுவாசம் என்பது விடை. விசுவாசம் அங்கு இன்னும் கேட்கப்படும் பொருளாகவே உள்ளது. தமிழில் 'எனக்கு வேணும்' என்பதற்கு அதனினும் பொருத்தமான இடம் இல்லை. 1544க்கு முற்பட்ட மொழிபெயர்ப்பாளர் முதல் நாளுக்குரிய சொல்லை இறுதி நாளுக்கு வைத்துவிட்டனர் என்று கொள்வதே நேர்மையாகும்.

அவ்விரு நாள்களுக்கும் இடையே புகுமுக நிலை பல மாதங்களாகவோ ஆண்டுகளாகவோ நீளலாம். தவக்காலத்தின் முதல் ஞாயிறன்று தேர்ந்துகொள்ளப்படுவோருக்கு அடுத்த வாரங்களில் விசுவாச அறிக்கை வாய்மொழியாக ஒப்படைக்கப்படுகிறது. அதனை மனனம் செய்து அவர்கள் திரும்ப ஒப்புவிக்க வேண்டும். பாஸ்கா இரவில், நீரருகே, வினா மீண்டும் எழுகிறது. பழைய 'விசுவசிக்கிறேன்' இருந்த இடத்தில் இன்று 'நம்புகிறேன்' என்பதே பெரிதும் ஒலிக்கிறது. இலத்தீன் மூலத்தில் 'நம்புகிறேன்' என்னும் வினையை அடுத்து வரும் 'இன்' என்ற முன்னிடைச்சொல் கடவுளை நோக்கிய நகர்வை உணர்த்துவது. நம் இரண்டாம் வேற்றுமை அதனைத் தாங்குகிறதா என்னும் கேள்விக்கு மொழிபெயர்ப்பாளர் இன்னும் விடை காணவில்லை.