கைவிளக்கின் பிரகாசத்தை அளந்தவர்கள்

நம் ஊர்க் கடைத்தெருவில் டார்ச் லைட் வாங்கப் போனவர் அது எவ்வளவு வெளிச்சம் தரும் என்று விசாரித்ததில்லை. எத்தனை கட்டை போடுகிற லைட் என்றுதான் கேட்டார். வீட்டுக்கு இரண்டு கட்டை, இராத்திரியில் வயலுக்குத் தண்ணீர் திருப்பப் போகிறவனுக்கு மூன்று கட்டை, தோப்புக் காவலுக்கு ஐந்து கட்டை என்று ஒரு கிரமம் தானாகவே ஏற்பட்டு, பேட்டரிக் கட்டையின் எண்ணிக்கையே பிரகாசத்தின் அளவையாகவும், ஓரளவுக்கு அதை வைத்திருப்பவரின் அந்தஸ்தின் அளவையாகவும் இருந்து வந்தது. சக்தி குறைந்த கட்டையை வெயிலில் காயவைத்து இன்னும் இரண்டு நாள் ஓட்டப் பார்த்த சிக்கன புத்தியும் அந்தக் காலத்தைச் சேர்ந்ததே. இன்றைக்கோ உள்ளங்கைக்குள் மறைந்துவிடக்கூடிய ஓர் அலுமினியக் குழலை எடுத்துக் காட்டி, ஆயிரம் லூமென் என்று சொல்லி விற்கிறார்கள். வாங்குகிறவரும் தலையை ஆட்டிவிட்டு வாங்கிக்கொள்கிறார். கட்டைக் கணக்கு போய் லூமென் கணக்கு வந்த இந்தச் சரித்திரத்தில், விளக்கைச் செய்தவர்களுக்கு உள்ள பங்குக்குச் சற்றும் குறையாத பங்கு, அதை வாங்கி வைத்துக்கொண்டு ஒன்றோடொன்று ஒப்பிட்டுப் பார்த்துக்கொண்டிருந்த சில பொழுதுபோக்குக்காரர்களுக்கும் உண்டு என்பது என் எண்ணம்.

கையில் பிடிக்கும் மின்விளக்கு அமெரிக்காவில் நியூயார்க் நகரத்தில் பிறந்தது. டேவிட் மிசெல் என்னும் ஆங்கிலேயர் அமைத்த சாதனத்துக்கு 1899 ஜனவரி 10ஆம் தேதி காப்புரிமை கிடைத்தது. அந்த உரிமையை அடைந்தது, ருஷ்ய சாம்ராஜ்யத்தின் மின்ஸ்க் நகரிலிருந்து வந்து குடியேறிய கான்ராட் ஹியூபர்ட் என்பவரின் கம்பெனி. காகித நாரால் ஆன ஒரு குழல், அதற்குள் வரிசையாக மூன்று 'டி' ரக உலர் மின்கலங்கள், முனையில் ஒரு சிறு பல்பு, அதன் பின்னால் கரடுமுரடான பித்தளைப் பிரதிபலிப்பான், இவ்வளவுதான் அதன் அங்க லட்சணம். நீர்மம் ததும்பாத உலர் மின்கலத்தை ஜெர்மனியில் கார்ல் காஸ்னர் 1880களில் நடைமுறைக்குக் கொண்டுவந்திராவிட்டால் இது சாத்தியமாகியிராது. ஹியூபர்ட் வியாபார சூட்சுமம் அறிந்தவர். சில விளக்குகளை நியூயார்க் போலீஸ்காரர்களுக்கு இனாமாகக் கொடுத்து, அவர்கள் புகழ்ந்து சொன்னவற்றை வாங்கித் தம்முடைய விளம்பரங்களில் அச்சிட்டுக்கொண்டார். ஆயினும் அந்த விளக்கு விட்டுவிட்டே எரியத்தக்கது. கரியிழை பல்பு மின்சாரத்தை ஏராளமாக விழுங்கியது. அக்காலத்து மின்கலமோ தொடர்ந்து சில விநாடிகள் உழைத்தால் களைத்துப்போய், சற்று ஓய்வு கொடுத்தால்தான் மறுபடி எழுந்திருக்கும். 1910 வாக்கில் டங்ஸ்டன் இழை வந்த பிறகே நின்று நிதானமாக எரியும் கைவிளக்கு கிடைத்தது.

அதற்கப்பால் ஏறக்குறைய எழுபது ஆண்டுகள், தகரத்திலும் பித்தளையிலும் பிளாஸ்டிக்கிலுமாக உலகம் முழுவதும் கோடிக்கணக்கில் டார்ச்சுகள் விற்றனவே தவிர, சொல்லும்படியான மாறுதல் எதுவும் நிகழவில்லை. கீழே விழுந்தால் இழை அறுந்துபோகும். மறந்துபோய் உள்ளேயே விட்ட கட்டை கசிந்தால் ஸ்பிரிங்கும் சுவிட்சும் களிம்பேறிப் போகும். மழையில் நனைந்தால் சொல்லவே வேண்டாம். டார்ச் என்பது அவசரத்தில் எரியாமற்போவதற்கென்றே வீட்டில் வைத்திருக்கும் ஒரு பொருள் என்று வேடிக்கையாகச் சொல்வதற்கு அது இடம் கொடுத்தது.

இந்த நிலைமையை மாற்றியவர் அந்தோணி மாக்லிக்கா. 1930இல் நியூயார்க்கில் பிறந்து, குரோவேஷியாவைச் சேர்ந்த ஸ்லாரின் என்னும் சிறு தீவில் வறுமையில் வளர்ந்து, 1950இல் மீண்டும் அமெரிக்கா வந்த அவர், 125 டாலர் முன்பணம் கட்டி ஒரு லேத் இயந்திரத்தை வாங்கி, 1955இல் லாஸ் ஏஞ்சலிஸில் ஒரு கார் கொட்டகையில் பிறருக்குப் பாகங்கள் கடைந்து கொடுக்கும் பட்டறையைத் தொடங்கினார். கடைசல் தொழிலாளி ஒருவர் டார்ச் செய்யப் புகுந்தால் அது எப்படி இருக்குமோ அப்படியே இருந்தது 1979இல் அவர் வெளியிட்ட மாக்லைட். அலுமினியத் தண்டைக் கடைந்து எடுத்த உடல். கை வழுக்காதபடி அதன்மேல் குறுக்கும் நெடுக்குமாக வெட்டிய சொரசொரப்பு. மூட்டுக்கு மூட்டு நீர் புகாமல் தடுக்கும் ரப்பர் வளையம். அலுமினியத்தை அமிலத்தில் அமிழ்த்தி மின்சாரம் பாய்ச்சி, அதன் மேற்பரப்பையே கடினமான ஆக்ஸைடாக மாற்றிவிடுகிற அனோடைஸ் பூச்சு. பூச்சு என்று வழக்கத்தை ஒட்டிச் சொன்னேனே ஒழிய, அது மேலே தடவியது அன்று, உலோகத்திலேயே விளைந்தது. ஆகையால்தான் பெயிண்டைப்போல் உரிந்து வருவதில்லை. அமெரிக்கப் போலீஸ்காரர்கள் இதன் நீண்ட ரகங்களை விளக்காகவும் தடியாகவும் உபயோகித்தார்கள் என்பது பிரசித்தம். 1984இல் வந்த மினி மாக்லைட் இரண்டு பென்சில் மின்கலங்களில் சுமார் 14 லூமென் ஒளியே தந்தது. இருந்தாலும் நேர்த்தியாகக் கடைந்த ஒரு டார்ச் சட்டைப் பையில் இருக்கலாம் என்ற ஆசையை உலகத்துக்கு உண்டாக்கியது அதுதான்.

அந்த ஆசையைத் தீராத மோகமாக்கியது கலிபோர்னியாவிலிருந்து வந்த ஷ்யூர்ஃபயர். துப்பாக்கிக்கு லேசர் குறிகாட்டி செய்துகொண்டிருந்த ஒரு கம்பெனி, காமிராக்களுக்கென ஏற்பட்ட 3 வோல்ட் லித்தியம் மின்கலங்கள் இரண்டை ஒரு சிறு குழலில் போட்டு, 65 லூமென் ஒளியை ஒரு மணி நேரம் தரும் 6பி என்னும் விளக்கைச் செய்தது. முழங்கை நீளத்து மூன்று கட்டை லைட்டை வெட்கப்பட வைக்கும் வெளிச்சம் ஒரு சாண் நீளம்கூட இல்லாத கருவியிலிருந்து வருவதைக் கண்டவர்களுக்கு ஏற்பட்ட வியப்பில்தான், டார்ச்சைக் கருவியாக மட்டும் கருதாமல் சேகரிக்கத்தக்க பொருளாகக் கருதும் அபிமானிகள் தோன்றினார்கள்.

அவர்களுக்கு வேண்டிய பெரிய விஷயம் ஜப்பானில் தயாராகிக்கொண்டிருந்தது. சிவப்பு ஒளி உமிழும் டயோடை (எல்.இ.டி.) அமெரிக்காவில் நிக் ஹோலோனியாக் 1962இலேயே செய்து காட்டியிருந்தார். பிரகாசமான நீல ஒளிதான் யாருக்கும் பிடிபடாமல் இருந்தது. ஷிகோகு தீவில் அனான் என்னும் சிற்றூரில், பிரதானமாக ஒளிர்பொடிகள் தயாரித்து வந்த நிச்சியா கம்பெனியில் ஷுஜி நாகமுரா பிரகாசமான நீல எல்.இ.டி.யைச் செய்து முடிக்க, 1993இல் அதை உலகுக்கு அறிவித்தார்கள். நீல ஒளியின் ஒரு பகுதியை மஞ்சளாக மாற்றும் ஒளிர்பொடியை அதன்மேல் வைத்தால் இரண்டும் கலந்து கண்ணுக்கு வெண்மையாகத் தோன்றும். பொடி வியாபாரம் செய்தவர்களுக்கு இந்த யோசனை தோன்றுவதற்கு அதிக காலம் பிடிக்கவில்லை. 1996இல் வெள்ளை எல்.இ.டி. வந்துவிட்டது. நாகமுராவுக்கும் அவருடைய முன்னாள் எஜமானர்களுக்கும் நடந்த வழக்கு, 2014இல் அவருக்கும் அகாசாகி, அமானோ ஆகிய இருவருக்கும் கிடைத்த நோபல் பரிசு ஆகியவை தனிக் கதை.

2001 வாக்கில் அரிஸோனாவில் ஆர்க் என்னும் சிறு கம்பெனி, ஒரே ஒரு மெல்லிய பென்சில் மின்கலத்தையும் ஒரே ஒரு நிச்சியா எல்.இ.டி.யையும் கொண்டு, சாவிக்கொத்தில் தொங்கும் ஒரு விளக்கைச் செய்தது. ஐந்து லூமென் அளவே ஒளி. ஆனால் அதில் அறுந்துபோக இழை இல்லை, உடைந்துபோகக் கண்ணாடிக் குமிழ் இல்லை. அதே சமயத்தில் லக்ஸியான் என்ற ஒரு வாட் எல்.இ.டி. வந்து, தனி ஒரு துகளிலிருந்து 25 லூமென் வரை எடுக்கலாம் என்று காட்டிற்று. அபிமானிகளின் சங்கடமும் இங்கேதான் ஆரம்பித்தது. ஒரே அச்சில் செய்த எல்.இ.டி.கள் ஒன்றைப்போல் ஒன்று இருப்பதில்லை. ஒன்று பிரகாசமாகவும் மற்றொன்று மங்கலாகவும், ஒன்று தூய வெண்மையாகவும் வேறொன்று பச்சையோடியோ நீலம் பாரித்தோ அமையும். தயாரிப்பாளர் அவற்றை அளந்து தரம் பிரித்துத் தனித்தனிக் குறியீடு இட்டு விற்பார். டார்ச் வாங்குகிறவருக்கு எந்தத் தரம் வாய்க்கும் என்பது பிராப்தத்தைப் பொறுத்தது. ஆதலால் இதற்கு லக்ஸியான் லாட்டரி என்றே பெயர் வைத்துவிட்டார்கள். ஒரே மாதிரி விளக்கில் மூன்று வாங்கி, நல்லதை வைத்துக்கொண்டு மற்றவற்றை விற்றுவிடுவது சிலரின் வழக்கமாயிற்று.

எது நல்லது என்பதை எப்படி நிச்சயிப்பது? முதலில் கண்ணையே நம்பினார்கள். வெள்ளைச் சுவரில் இரண்டு விளக்குகளை அருகருகே அடித்துப் பார்ப்பதும், அதைப் படம் பிடித்து ஒருவருக்கொருவர் காட்டிக்கொள்வதும் அவர்களுடைய நித்திய கருமமாக இருந்தது. இந்த முறையின் பலமும் பலவீனமும் பிரான்சில் பியேர் பூகே என்பவருக்கு 1729லேயே தெரிந்திருந்தன. இரண்டு ஒளிகள் பக்கத்தில் பக்கத்தில் இருக்கும்போது அவை சமமா அல்லவா என்று கண் மிக நுட்பமாகச் சொல்லிவிடும். ஆனால் ஒன்று மற்றொன்றைப்போல் எத்தனை மடங்கு என்று கேட்டால் அதற்கு விடை சொல்லும் சக்தி கண்ணுக்கு இல்லை. ஆகவே அவர் ஒரு மெழுகுவர்த்தியை மத்தியஸ்தமாக வைத்து, அதன் தூரத்தை மாற்றி மாற்றிச் சமநிலையைக் கண்டு, தூரத்தின் வர்க்கத்தைக் கொண்டு கணக்கிட்டு, முழுநிலவைக் காட்டிலும் சூரியன் சுமார் மூன்று லட்சம் மடங்கு பிரகாசமானது என்ற முடிவுக்கு வந்தார். இன்றைய கணக்கு நான்கு லட்சத்தை ஒட்டியது. மெழுகுவர்த்தியைக் கொண்டு வானத்தை அளந்தவருக்கு இந்த வித்தியாசத்தை மன்னித்துவிடலாம். பிற்பாடு 1860இல் பிரிட்டிஷார், திமிங்கலக் கொழுப்பிலிருந்து செய்து மணிக்கு 120 கிரெயின் எடை எரியும் மெழுகுவர்த்தியையே சட்டப்படி ஒளியின் அலகாக வைத்தார்கள். அதன் வழிவந்ததுதான் பிற்காலத்து விளம்பரங்களில் பத்து லட்சம் மெழுகுவர்த்தி சக்தி என்று கடை விரித்த மோசடியும்.

மோசடி என்று கடுமையாகச் சொல்லக் காரணம் உண்டு. ஒரு குடம் நீரைக் குறுகிய மூக்கு வழியாகப் பீய்ச்சினால் தூரத்தில் போய் விழும், அகன்ற வாய் வழியாகக் கவிழ்த்தால் காலடியிலேயே பரவும். நீரின் அளவு என்னவோ ஒன்றுதான். அந்த மொத்த அளவுக்கு லூமென் என்றும், ஒரு திசையில் பாயும் வேகத்துக்கு காண்டெலா என்றும், போய் விழும் இடத்தில் நனையும் அளவுக்கு லக்ஸ் என்றும் பெயர். கண்ணாடிக் கிண்ணத்தை ஆழமாக்கி ஒளியைக் குவித்துவிட்டால், கொஞ்ச லூமென் கொண்ட விளக்குக்கும் மெழுகுவர்த்திக் கணக்கை எவ்வளவு வேண்டுமானாலும் ஏற்றிச் சொல்லலாம். இன்னொரு தந்திரம், எல்.இ.டி. உற்பத்தியாளர் துகளுக்குச் சொன்ன எண்ணையே விளக்குக்கும் எழுதிவிடுவது. பிரதிபலிப்பானிலும் முன்கண்ணாடியிலும் நான்கில் ஒரு பங்கோ அதற்கு மேலோ விழுங்கப்படுவதைப்பற்றி மௌனம் சாதிப்பது.

இதைக் கண்டுபிடிக்கத்தான் பொழுதுபோக்குக்காரர்கள் வீட்டில் ஆய்வுக்கூடம் நிறுவினார்கள். ஒளியின் மொத்த அளவைச் சரியாக அளக்க, உட்புறம் முழுவதும் வெள்ளை பூசிய ஒரு பெரிய கோளம் வேண்டும். அதன் விலையோ பொழுதுபோக்குக்காரருக்கு எட்டாதது. ஆகவே சிலர் தெர்மகோல் உருண்டைகளைக் குடைந்தார்கள்; சிலர் காலியான பால் அட்டைப் பெட்டிகளுக்குள் ஒளியைச் சிதறடித்து ஓரத்தில் ஒரு லக்ஸ் மீட்டரைச் செருகினார்கள்; ஒன்றுமில்லாதவர் சிறிய அறைக்குள் டார்ச்சைக் கூரையை நோக்கி நிறுத்தி, தெறித்து வரும் வெளிச்சத்தை அளந்து எழுதிக்கொண்டார். எண் தனித்து நின்றால் அர்த்தமற்றது. ஒரே பெட்டியில் ஒரே கையால் அளந்த நூறு விளக்குகளின் எண்கள் வரிசையாக நிற்கும்போது யார் பொய் சொல்கிறார் என்பது தானே வெளிப்படும். ஷ்யூர்ஃபயர் தன் ஒளியைக் குறைத்தே சொல்கிறது என்ற நற்பெயரும், வேறு பலர் சம்பாதித்த கெட்ட பெயரும் இவ்வாறு ஏற்பட்டவைதாம். அவர்கள் நிமிடத்துக்கு நிமிடம் அளந்து கோடு வரைந்தும் பார்த்தார்கள். பழைய பல்பு கட்டை தேயத் தேய மஞ்சளாகிச் சிவந்து சாகும், நல்ல மின்சுற்று கொண்ட எல்.இ.டி. விளக்கோ கடைசிவரை ஒரே மட்டத்தில் எரிந்துவிட்டுச் சட்டென்று விழும் என்பது அந்தக் கோடுகளில் தெளிவாகத் தெரிந்தது.

2004இல் சீனத்து ஷென்ஜென் நகரத்தில் தோன்றிய ஃபீனிக்ஸ் முதலிய கம்பெனிகள் அமெரிக்க விளக்குகளைவிடக் குறைந்த விலையில் நேர்த்தியான சிறு டார்ச்சுகளைக் கொண்டுவந்தன. 2006இல் கிரீ கம்பெனியின் புதிய எல்.இ.டி. ஏறக்குறைய ஒரு வாட்டுக்கு 80 லூமென் தந்தபோது, முந்திய ஐந்தாண்டு விளக்குகள் அனைத்தும் ஒரே வருஷத்தில் பழங்கதையாயின.

கடைசியில் 2009இல் அமெரிக்காவில் உற்பத்தியாளர்களே கூடி எஃப்.எல்.1 என்னும் பிரமாணத்தை வெளியிட்டார்கள். விளக்கைப் போட்டு 30 விநாடிக்கு மேல் இரண்டு நிமிடத்துக்குள் அளந்த லூமெனையே எழுத வேண்டும். அதில் பத்தில் ஒரு பங்காக ஒளி குறையும் வரைக்கும் உள்ள நேரமே எரியும் நேரம். கால் லக்ஸ், அதாவது திறந்த வெளியில் முழுநிலவு வீசும் அளவு வெளிச்சம் விழும் எல்லையே வீச்சு தூரம். கான்கிரீட் தரையில் ஒரு மீட்டர் உயரத்திலிருந்தாவது போட்டுப் பார்த்துத்தான் உறுதி என்று சொல்லலாம். இந்தக் கணக்குப்படி பத்தாயிரம் காண்டெலா விளக்கின் வீச்சு 200 மீட்டர். அதை 400 ஆக்க இருபதாயிரம் போதாது, நாற்பதாயிரம் வேண்டும். கண்ணின் கணக்கும் இத்தகையதே. ஒரு விளக்கு மற்றதைப்போல் இரு மடங்காகத் தோன்ற ஏறத்தாழ நான்கு மடங்கு லூமென் வேண்டும் என்பது அபிமானிகளிடையே வாய்ப்பாடாக வழங்குகிறது.

பிரமாணம் வந்தபின் பொய் நின்றதா என்றால், அது இலக்கணம் கற்றுக்கொண்டது என்றுதான் சொல்ல வேண்டும். சிறிய உடல் பெரிய வெப்பத்தைத் தாங்காது. ஆகவே ஆயிரம் லூமென் விளக்கு இரண்டு நிமிடம் அப்படி எரிந்து, அளக்கும் நேரம் கடந்ததும் முந்நூறுக்கு இறங்கி, அந்த முந்நூறில் இரண்டு மணி நேரம் ஓடும். நூறு லூமெனுக்குக் கீழே இறங்கும் வரையில் ஓட்டக் கணக்கு முடிவதில்லையாகையால், பெட்டியின்மேல் ஆயிரம் லூமென், இரண்டு மணி நேரம் என்று பக்கத்தில் பக்கத்தில் அச்சிடுவதில் சட்டப்படி குற்றமில்லை. இதை அம்பலப்படுத்துவதும் பழைய பால் பெட்டிக்காரர்களின் வேலையாகவே இருந்து வருகிறது.

அவர்களிலேயே ஒரு சாரார் இப்போது எதிர்த்திசையில் போட்டியிடுகிறார்கள். உறங்கும் குழந்தையை எழுப்பாமல் இருட்டில் நடக்க, ஒரு லூமெனில் சிறு பின்னமே ஆன வெளிச்சத்தை மின்கலம் தீராமல் பல நாள் தரும் விளக்கு எது என்பது அவர்களுடைய விவாதம். மலிவான லக்ஸ் மீட்டர் இவ்வளவு மெல்லிய ஒளியில் தடுமாறிவிடும். ஆகையால் அளவு தெரிந்த விளக்கொன்றை மத்தியஸ்தமாக வைத்து, இரண்டையும் வெள்ளைத்தாளின்மேல் பக்கத்தில் பக்கத்தில் பிடித்து, தூரத்தை மாற்றி மாற்றிச் சமமாகிறதா என்று பூகேயைப்போலக் கண்ணாலேயே பார்த்துக்கொண்டிருக்கிறார்கள்.