உணவுப் பையில் ஒரு தலை

மலைமேல் இருந்த பெத்தூலியா ஊரில் தண்ணீர்த் தொட்டிகள் காய்ந்துவிட்டன. அடிவாரத்து ஊற்றுகளை அசீரியத் தளபதி ஒலோபெரின் வளைத்துப் பிடித்து 34 நாள் ஆகிவிட்டது. சரணடைந்துவிடலாம் என்று சனம் கூச்சலிட, ஊர்த் தலைவன் ஊசியா ஐந்து நாள் தவணை கேட்கிறான். அதற்குள் கடவுள் உதவாவிட்டால் வாசலைத் திறந்துவிடுவானாம்.

கடவுளுக்கே கெடு வைக்க நீங்கள் யார் என்று ஊர்ப் பெரியவர்களை வீட்டுக்கு அழைத்துக் கடிந்துகொள்கிறாள் ஒரு விதவை. பெயர் யூதித்து. வாற்கோதுமை அறுவடையின்போது வெயில் தாக்கிக் கணவன் மனாசே இறந்தபின், மூன்று ஆண்டுக்கும் மேலாக வீட்டு மாடியில் கூடாரம் போட்டு நோன்பிருந்தவள். திட்டம் ஒன்று இருக்கிறது, என்னவென்று கேட்காதீர்கள் என்று மட்டும் சொல்லி அனுப்புகிறாள்.

அன்றிரவே துக்க உடையைக் களைந்து, நகை பூட்டி, பணிப்பெண்ணோடு எதிரி முகாமுக்கு நடக்கிறாள். கையில் ஒரு பை: வறுத்த தானியம், அத்திப்பழ அடை, தூய அப்பம். கூடவே திராட்சை மதுவும் எண்ணெயும். அந்நியர் உணவைத் தொட மாட்டேன், இரவுதோறும் பள்ளத்தாக்கில் இறங்கிக் குளித்து வேண்டிக்கொள்வேன், ஊரைப் பிடிக்கும் நேரத்தைக் கடவுள் அப்போது சொல்வார் என்கிறாள். அழகில் மயங்கிய ஒலோபெரின், அவளைத் தடுக்க வேண்டாம் என்று காவலருக்கு உத்தரவிடுகிறான்.

மூன்று இரவு போய் வந்தாள். நான்காம் நாள் விருந்தில், பிறந்ததிலிருந்து குடிக்காத அளவுக்குக் குடித்துவிட்டுக் கட்டிலில் சாய்ந்தான் தளபதி. கட்டில் தூணில் தொங்கிய அவனுடைய வாளையே உருவி இரண்டே வெட்டு. தலை உணவுப் பைக்குள் போயிற்று. வழக்கம்போல் வேண்டுதலுக்குப் போகிறார்கள் என்று காவலர் வழிவிட்டார்கள். விடிந்ததும் ஊர் மதிலில் தலை தொங்க, தலைவனை இழந்த படை சிதறி ஓடியது.

காரவாஜ்ஜோவும் அர்த்தமீசியா ஜெந்திலெஸ்கியும் தீட்டிய புகழ்பெற்ற ஓவியங்களில் வாளும் ரத்தமும்தான் கண்ணில் அறையும். அர்த்தமீசியா பணிப்பெண்ணையும் கட்டிலருகே கொண்டுவந்து ஒலோபெரினை அமுக்கிப் பிடிக்க வைத்திருக்கிறார். இந்தக் கதையைச் சொல்லும் யூதித்து நூலில் பணிப்பெண் வெளியே காத்து நிற்கிறாள். எனக்கென்னவோ வாளை விட அந்தப் பைதான் பெரிதாகப் படுகிறது. வெட்டுவதற்குத் துணிச்சல் போதும். வெட்டியபின் தப்பிக்கும் வழியை மூன்று நாள் முன்பே காவலர் கண்ணுக்குப் பழக்கி வைத்தாளே, அதற்குப் போர்த்தந்திரம் தெரிந்திருக்க வேண்டும். ஊசியாவுக்கு அது இல்லை.

இது நடந்த வரலாறா? இல்லை என்றே பெரும்பாலான ஆய்வாளர்கள் கருதுகிறார்கள். நினிவேயிலிருந்து அசீரியரை ஆண்ட நெபுகத்னேசர் என்று நூல் தொடங்குகிறது. உண்மையில் அவன் பாபிலோன் மன்னன். அவன் அரியணை ஏறுமுன்பே, கி.மு. 612-இல், நினிவே அழிந்துவிட்டது. இவ்வளவு வெளிப்படையான பிழை, இது கதை என்று வாசகருக்குக் காட்டும் சைகையாகவும் இருக்கலாம்.

யூதர்களின் எபிரேய மறைநூல் தொகுப்பில் யூதித்து இல்லை. தமிழில் சீர்திருத்தச் சபையினர் வழக்கமாகப் பயன்படுத்தும் வேதாகமத்திலும் கிடைக்காது. கத்தோலிக்கரின் திருவிவிலியத்தில் இணைத்திருமுறை நூல்களுக்கிடையே இருக்கிறது. பொறுமையில்லாதவர்கள் முதல் ஏழு அதிகாரங்களைத் தாண்டிவிட்டு எட்டிலிருந்து படியுங்கள். அங்கேதான் யூதித்து வருகிறாள்.