மக்காச்சோளத்தின் மிச்சம்

மக்கும் தாவரப் படலங்களை இன்றைய கண்டுபிடிப்பு என்றே நாம் எண்ணிவிடுகிறோம். அவற்றின் வரலாறோ பழையது.

1821இல் ஹார்வர்டு பேராசிரியர் ஜான் கோரம், மக்காச்சோளத்திலிருந்து சாராயத்தின் துணையால் ஒரு புரதத்தைப் பிரித்தெடுத்து 'ஸீன்' எனப் பெயரிட்டார். அது நீரில் கரையாது. நீர் கலந்த சாராயத்தில் கரையும். அக்கரைசலை மெல்லப் பரப்பி உலர்த்தினால் படலம் கிடைக்கும். தனித்து நின்றால் நொறுங்குவது, கிளிசரின் சேர்ந்தால் வளைந்துகொடுக்கும். மண்ணில் இட்டால் நுண்ணுயிர்களுக்கு உணவாகும்.

ஸ்டார்ச் ஆலைகளில் மாவுச்சத்தைப் பிரித்தபின் எஞ்சும் புரதச் சக்கை மாட்டுத் தீவனமாகப் போய்க்கொண்டிருந்தது. அதிலிருந்தே 20ஆம் நூற்றாண்டு அமெரிக்கா ஸீனை எடுத்தது. இரண்டாம் உலகப்போரில் அரக்கு வரத்துக் குன்றியபோது ஸீன் அதன் இடத்தில் மேற்பூச்சாக வந்தது. 1948இல் 'விக்காரா' என்னும் இழையாகி ஆடையிலும் புகுந்தது. 1957இல் அவ்விழையின் உற்பத்தி நின்றுபோயிற்று.

ஸீனைத் தூய்மைப்படுத்தச் செலவு மிகுதி. பெட்ரோலியச் செயற்கைப் பொருள்களோ மலிவு. மலிவு வென்றது. ஆனால் அம்மலிவுப் பொருள் மக்காமல் கிடக்கும் காலத்துக்கான விலையை அன்று எவரும் கணக்கில் சேர்க்கவில்லை. கடையில் பை வாங்கும்போது நாமும் இன்றுவரை சேர்ப்பதில்லை.