தகரப்பெட்டியில் ஒரு பட்டா

எங்க பாட்டன் பட்டா தகரப்பெட்டியில் கிடக்கிறது. நிலம் ஊர்த்தெருக்காரர் கையில். "அஞ்சு மரக்கா கேவுருக்கு எழுதி வாங்கிட்டாண்டா" என்பாள் ஆயா.

செங்கல்பட்டு கலெக்டர் திரமென்ஹீரின் அறிக்கையை ஒட்டி, 1892இல் நம் ஜனங்களுக்குத் தரிசு நிலம் ஒதுக்க உத்தரவானது. அதுதான் பஞ்சமி நிலம். அதற்கு வேலி போட்டது யுத்தகால அரசாணை. 1939இல், கேட்காமலே இந்தியாவைப் போரில் இழுத்துவிட்டதை எதிர்த்துக் காங்கிரஸ் மந்திரிசபை விலகியது. சென்னை மாகாணம் கவர்னர் ஆட்சிக்குப் போனது. அந்த ஆட்சியில், 1941இல் வந்த ஆணை சொன்னது: பத்து வருஷம் யாருக்கும் விற்கக் கூடாது, அதன்பிறகும் தாழ்த்தப்பட்டவருக்கே விற்கலாம், மீறினால் நஷ்டஈடில்லாமல் அரசு திரும்ப எடுத்துக்கொள்ளும்.

நல்ல வேலிதான். ஆனால் காவலுக்கு நின்றது யார்? கர்ணமும் மணியக்காரரும். பரம்பரைப் பதவி, ஊர்த்தெரு ஆட்கள். அடகு எழுதியவரும் அவர்கள் தெருதான், கணக்கில் பேர் மாற்றியவரும் அவர்கள் தெருதான். எழுத்து தெரியாத பாட்டன் கைநாட்டு வைத்தார்.

1994 அக்டோபர் 10இல் பஞ்சமி நிலம் கேட்டுச் செங்கல்பட்டில் திரண்டவர்கள்மேல் போலீஸ் சுட்டது. ஜான் தாமஸ், ஏழுமலை இருவரும் செத்தார்கள்.

நிபந்தனையை மீறிய கிரயம் செல்லாது. உங்க வீட்டுப் பெட்டியையும் திறந்து பாருங்கள்.