தியானத்தில் ஒருமுகமும் வெறுமையும்

தியானம் பழகத் தொடங்குபவரிடம் முதல் சில நாள்களிலேயே இரண்டு கேள்விகள் எழுகின்றன. மனம் ஓரிடத்தில் நிற்க மாட்டேன் என்கிறதே, என்ன செய்வது? மனம் ஒன்றுமே இல்லாமல் காலியாகிவிட வேண்டுமா? யோக நூல்களும் பௌத்த நூல்களும் இவ்விரண்டையும் நெடுங்காலமாக ஆராய்ந்துள்ளன. முதல் கேள்விக்கான விடை எளிது. இரண்டாவதில்தான் பலர் வழி தவறுகிறார்கள்.

ஒருமுகம்

பதஞ்சலியின் யோக சூத்திரம் சொல்லும் எட்டு உறுப்புகளில் கடைசி மூன்று தாரணை, தியானம், சமாதி. மனத்தை ஓரிடத்தில் கட்டுவது தாரணை; அதே பொருளைப் பற்றிய நினைவு அறுபடாமல் ஓடுவது தியானம். அப்படிப் பார்த்தால், கண்ணை மூடி உட்காரும் புதியவர் செய்வது பெரும்பாலும் தாரணைதான். கட்டுவது, அவிழ்வது, மறுபடி கட்டுவது என்பதே அந்தப் படியின் வேலை. மனம் எங்கோ போய்விட்டது என்று தெரியவரும்போதே கவனம் பாதி திரும்பிவிட்டது. நோய், மந்தம், ஐயம், சோம்பல் என ஒன்பது தடைகளைச் சொல்லும் அந்நூல், எட்டிய நிலையில் நிலைக்க முடியாமையையும் அவற்றுள் ஒன்றாகவே வைக்கிறது. அலைபாய்வது தன் ஒருவருடைய குறை என்று எண்ணி யாரும் மனம் தளர வேண்டியதில்லை.

புத்தகோசர் 5ஆம் நூற்றாண்டில் இலங்கையில் எழுதிய விசுத்திமக்கம் 40 தியானப் பொருள்களை விளக்குகிறது. அவற்றுள் மூச்சுக்கு அது தரும் குறிப்பு இன்றும் பயன்படுகிறது. மூச்சை எண்ணும்போது 5க்கு முன் நிறுத்தக் கூடாது, 10ஐத் தாண்டவும் கூடாது. மிகக் குறைத்தால், குறுகிய தொழுவத்தில் அடைத்த மாடுகளைப் போல மனம் திமிறும். மிக நீட்டினால் மனம் மூச்சை விட்டுவிட்டு எண்ணைப் பிடித்துக்கொள்ளும். கவனம் ஊன்றிய பிறகு எண்ணுவதையே விட்டுவிடலாம்.

எண்ணங்களை விரட்ட முயல்வது பலன் தருவதில்லை. 1987இல் உளவியலாளர் டேனியல் வெக்னரும் சக ஆய்வாளர்களும் ஒரு சோதனை நடத்தினார்கள். வெள்ளைக் கரடியை நினைக்காதீர்கள் என்று சொல்லப்பட்டவர்களால் அதை நினைக்காமல் இருக்க முடியவில்லை. பின்னர் நினைக்கலாம் என்று விட்டபோது, தொடக்கத்திலிருந்தே நினைக்க அனுமதிக்கப்பட்டவர்களைவிட அவர்கள் அதை மிகுதியாக நினைத்தார்கள்.

வெறுமை

சில வாரங்கள் பழகியவருக்குத் திடீரென எண்ணமே இல்லாத ஓர் அமைதி கிடைப்பதுண்டு. கால் மணி நேரம் போனதே தெரியாது. இதுதான் வெறுமையா என்று அவர் கேட்கிறார். பதஞ்சலி உறக்கத்தையும் சித்தத்தின் விருத்திகளுள், அதாவது மனத்தின் அசைவுகளுள், ஒன்றாகவே எண்ணுகிறார். எண்ணம் இல்லாததாலேயே ஒரு நிலை யோகமாகிவிடாது. கண் கனத்து, விழிப்பு மங்கி, காலம் தொலைந்திருந்தால் அது பெரும்பாலும் மந்தநிலை. 8ஆம் நூற்றாண்டின் பௌத்த ஆசிரியர் கமலசீலர் இதை லயம் என்றார். ஒளியையோ மகிழ்வூட்டும் பொருளையோ நினைத்து மனத்தைத் தெளிவாக்குவது அதற்கு மருந்து. மனம் துள்ளும்போது நிலையாமையை நினைப்பது மருந்து.

திருவண்ணாமலையில் வாழ்ந்த ரமணர், உபதேச உந்தியாரில், மனம் ஒடுங்குவதை லயம், நாசம் என இரண்டாகப் பிரிக்கிறார். நாசத்தில் அழிந்தது எழாது; லயத்தில் ஒடுங்கியது மறுபடி எழும். இதை விளக்க அவர் ஒரு கதை சொல்வதுண்டு. கங்கைக் கரையில் ஒரு யோகி சீடனிடம் தண்ணீர் கேட்டார். அவன் கொண்டுவருவதற்குள் லயத்தில் ஆழ்ந்துவிட்டார். மிக நெடுங்காலம் கழித்துக் கண் விழித்தபோது கங்கையே தடம் மாறிப்போயிருந்தது. அவர் வாயிலிருந்து வந்த முதல் சொல், தண்ணீர் எங்கே என்பதுதான்.

எண்ணமற்று இருந்தால் போதுமா என்ற இதே கேள்வி 8ஆம் நூற்றாண்டின் இறுதியில் திபெத்தில் பெரும் விவாதமாக எழுந்ததாகத் திபெத்திய மரபு சொல்கிறது. நல்லது, தீயது என்று பாராமல் எல்லா நினைப்பையும் விட்டுவிட வேண்டும் என்றார் சீனத் துறவி மோஹேயன். ஆராய்ந்தறியாமல் ஞானம் பிறக்காது என்று கமலசீலர் மறுத்தார்.

பௌத்தத்தில் வெறுமையைக் குறிக்கும் சூனியம் என்ற சொல்லுக்கு வேறொரு பொருள் உண்டு. அதை மனம் காலியாக இருக்கும் நிலை என்று கொள்வது பெரும் பிழை. எதுவும் தன்னளவில் தனித்து நிற்பதில்லை, சார்புகளால் தோன்றுகிறது என்பதையே பௌத்த ஆசிரியர் நாகார்ச்சுனர் சூனியம் என்றார். தவறாகப் பிடித்த பாம்பு கடிப்பதைப் போல, தவறாகக் கொண்ட சூனியமும் கெடுக்கும் என்று எச்சரிக்கவும் செய்தார்.

பாலி மொழியில் உள்ள சூளசுஞ்ஞத சுத்தம் என்ற புத்தர் உரை வெறுமைக்கு இன்னும் எளிய வழியைக் காட்டுகிறது. சாவத்தி நகரில் தாம் தங்கியிருந்த மாளிகையையே புத்தர் எடுத்துக்காட்டாகக் கொள்கிறார். இங்கே யானை இல்லை, குதிரை இல்லை, மாடு இல்லை. துறவிகளின் கூட்டம் மட்டும் இருக்கிறது. இல்லாததை இல்லை என்றும் எஞ்சியிருப்பதை இருக்கிறது என்றும் காண்பதே வெறுமையில் நுழைதல். ஊர் என்ற நினைவை விட்டுக் காட்டுக்கு, காட்டை விட்டு நிலத்துக்கு என்று பயிற்சி படிப்படியாக நகர்கிறது. கடைசிப் படியிலும் ஆறு புலன்களோடு கூடிய இந்த உடல் எஞ்சியிருக்கிறது.