கடலோரப் போர்ச் சுவடுகள் – 7: பீரங்கிகள் எங்கே போயின?

புதுக்கடைக்காரர்களிடம் ஆகஸ்ட் மாதம் என்றால் 11-ஆம் தேதியைத்தான் சொல்வார்கள். தெற்குத் திருவிதாங்கூரின் தமிழ்ப் பகுதிகளைத் தமிழகத்தோடு இணைக்கக் கோரிப் போராடியவர்கள் மீது, 1954-ல் போலீஸ் துப்பாக்கிச் சூடு நடத்திய நாள் அது. நாள்காட்டியில் அதற்கு முந்தைய கட்டத்தில் இன்னொரு போர் இருக்கிறது. 213 ஆண்டுகள் மூத்த போர். 1741 ஆகஸ்ட் 10, குளச்சல்.

சண்டைக்குக் காரணம் மிளகு. வேணாடு என்ற சிறு அரசாக இருந்த திருவிதாங்கூரை, 1729-ல் பட்டத்துக்கு வந்த மார்த்தாண்ட வர்மா வடக்கு நோக்கி விரித்துக்கொண்டே போனார். அண்டை அரசர்களோடு கொள்முதல் ஒப்பந்தம் போட்டிருந்த டச்சுக் கம்பெனிக்கு அடிமடியில் கைவிழுந்தது. இலங்கையில் கவர்னராக இருந்த வான் இம்ஹாப் நேரில் வந்து எச்சரித்தார். திருவிதாங்கூர் மீது படையெடுப்போம் என்றாராம். அப்படியானால் நானும் ஐரோப்பா மீது படையெடுக்க வேண்டியதுதான் என்று ராஜா பதில் சொன்னதாகப் பழைய சரித்திர நூல்கள் ரசித்து எழுதுகின்றன.

டச்சுக்காரர்கள் மிரட்டியதோடு நிற்கவில்லை. 1740 நவம்பர் இறுதியில் அவர்களுடைய கப்பல்கள் குளச்சலுக்கு முன்னால் வந்து நின்று கரையைச் சுட்டன. அடுத்த ஆண்டு படையோடு இறங்கினார்கள். தேங்காப்பட்டணம், மிடாலம், கடியபட்டணம் என்று கடலோரப் பண்டகசாலைகள் அவர்கள் கைக்குப் போயின. புதுக்கடைக்குப் பக்கத்திலேயே, குழித்துறையாறு கடலில் விழும் இடத்தில் இருக்கும் அதே தேங்காப்பட்டணம்தான். உள்நாட்டில் இரணியல் வரை சூறை நடந்தது. அடுத்து இருந்தது தலைநகர் கல்குளம். பிற்பாடு பத்மநாபபுரம் என்று பெயர் பெற்ற ஊர்.

வடக்கே இருந்த ராஜா விரைந்து திரும்பினார். டச்சுப் படை குளச்சல் கரையில் அமைத்த அரணுக்குள் ஒடுங்கியது. ஜாவாவில் அப்போது பெரும் கலகம்; அங்கே கம்பெனியின் தலைமையிடமாக இருந்த பத்தாவியாவிலிருந்து உதவிக்குப் படை வரவில்லை. கடல் பக்கம் மீனவர்கள் வள்ளங்களோடு காவல் நின்றதாக ஊர் வழக்கு. துடுப்புகளைத் துப்பாக்கிபோல் தோளில் சாய்த்துக் கரையில் அணிவகுத்து, கப்பலில் இருந்தவர்களை ஏமாற்றினார்கள் என்ற கதையைக் குளச்சலில் இன்றும் சொல்வார்கள். முற்றுகையின்போது வெடிமருந்து பற்றி எரிந்தது. அரிசிக் கிடங்கும் அதோடு சாம்பல். சோறும் இல்லை, மருந்தும் இல்லை. டச்சுக்காரர்கள் சரணடைந்தார்கள்.

இதுவரைக்கும் பாடப்புத்தகத்தில் இருக்கிறது. அதற்கப்புறம் ஒரு கேள்வி பாக்கி: பிடிபட்ட பீரங்கிகளும் துப்பாக்கிகளும் எங்கே?

பார்க்கப் போகிறவர்களுக்குக் குளச்சல் கடற்கரையில் கிடைப்பது ஒரு வெற்றித் தூண் மட்டும். போர்க்கருவி எதுவும் இல்லை. காரணம் எளிது. ராஜாவுக்கு அவை காட்சிப் பொருள்களாகத் தெரியவில்லை. அடுத்த சண்டைக்கு அவருக்குப் பீரங்கி வேண்டும், பழுதுபார்க்க ஆள் வேண்டும், சுடச் சொல்லிக்கொடுக்கவும் ஆள் வேண்டும். மூன்றும் ஒரே இடத்தில் கைதாகி நின்றன.

கைதிகளில் ஒருவர் யூஸ்டேஷியஸ் டி லனாய். 1715-ல் பிறந்தவர், டச்சுக் கம்பெனியின் சம்பளக்காரர். மார்த்தாண்ட வர்மா அவரைச் சிறையில் வாட விடாமல், முதலில் சில படைப்பிரிவுகளுக்குப் பயிற்சி கொடுக்க வைத்தார். ஐரோப்பிய முறையில் அணி நடை, துப்பாக்கி பயன்படுத்தும் ஒழுங்கு, பீரங்கி இயக்கம் என்று எல்லாம் சொல்லிக் கொடுத்தவர், படிப்படியாகத் தளபதியே ஆகிவிட்டார். 'வலிய கப்பித்தான்' என்று மக்கள் அழைத்தார்கள். அரண்மனை அதிகாரியாக இருந்த நீலகண்ட பிள்ளை இவரோடு பழகித்தான் கிறிஸ்தவம் அறிந்தார். 1745-ல் வடக்கன்குளத்தில் திருமுழுக்குப் பெற்றுத் தேவசகாயம் ஆனார். 2022-ல் புனிதராக அறிவிக்கப்பட்டவர் அவர்தான்.

டி லனாயின் பட்டறை புலியூர்க்குறிச்சியில் உள்ள உதயகிரிக் கோட்டை. ஏறத்தாழ 90 ஏக்கரில், ஒரு குன்றை வளைத்துக் கட்டிய கருங்கல் மதில். பழைய கோட்டையை மார்த்தாண்ட வர்மா போருக்குப் பின் வலுவாகப் புதுப்பித்தார். உள்ளே பீரங்கி வார்க்கும் உலை இயங்கியது. ஊர்க்காரர்கள் இன்றும் 'டிலனாய் கோட்டை' என்கிறார்கள். வட்டக்கோட்டையைக் கடலோரக் காவலுக்கு வலுப்படுத்தியதிலும் அவர் கை உண்டு. கொச்சி எல்லையில் மலை முதல் கடல் வரை இழுத்த நெடுங்கோட்டை அவர் வகுத்த திட்டம். அவர் இறந்து 12 ஆண்டு கழித்து, 1789 டிசம்பரில், திப்பு சுல்தானின் முதல் தாக்குதலை அந்த மதில்தான் தடுத்தது.

கம்பெனியும் மாறிக்கொண்டது. 1753-ல் மாவேலிக்கரையில் கையெழுத்தான உடன்படிக்கையில், ஆண்டுதோறும் 12,000 ரூபாய் மதிப்புள்ள போர்த் தளவாடங்களைத் திருவிதாங்கூருக்குத் தர டச்சுக்காரர்கள் ஒப்புக்கொண்டார்கள். தோற்றவன் பயிற்சி கொடுத்தான், அவன் முதலாளி ஆயுதம் கொடுத்தான்.

போர்க்கருவிகளின் தலையெழுத்தே இதுதான். உதவாமல் போனது நினைவுச் சின்னம் ஆகும்; உதவியது உருத் தெரியாமல் கரைந்துவிடும். கோஹிமாவில் ஒரு லீ டாங்கி நிற்கிறது. 1944 மே மாதம் ஜப்பானியரைத் தாக்கப் போனபோது சரிவில் கட்டுப்பாடு இழந்து சிக்கிக்கொண்டது. மீட்க முடியாமல் விட்டதால், நின்ற இடத்திலேயே இன்றும் நிற்கிறது. வேலி போட்டுக் காக்கிறார்கள். அதே போரில் ஓடிய ஜீப்புகளைப் பாருங்கள். அமெரிக்காவில் வில்லிஸ், போர்டு இரண்டும் சேர்ந்து ஆறு லட்சத்துக்கும் மேல் தயாரித்தன. சண்டை முடிந்ததும் மிஞ்சியவை ஏலத்துக்கு வந்தன. 1947 முதல் மகிந்திரா இங்கேயே வில்லிஸ் ஜீப்பைப் பூட்டத் தொடங்கியது. பட்டாள வண்டி எஸ்டேட் வண்டியாக, தேர்தல் வண்டியாக ஓடித் தேய்ந்தது. இப்போது பழைய வில்லிஸைப் போர்க்கால வடிவத்துக்குக் கொண்டுவர ஆசைப்படுகிறவர்கள் ஒர்க் ஷாப்பில் முதலில் பார்ப்பது, எது அசல் எது ஒட்டு என்பதைத்தான். என்ஜின் ஒரு காலத்தது, பாடி இன்னொரு காலத்தது, கியர் பாக்ஸ் மூன்றாவது வண்டியினுடையது. பல ஆண்டுகள் ஓடிய வண்டிக்கு அதுதான் இலக்கணம்.

குளச்சல் போரின் இடங்களையும் அந்தக் கண்ணோடு பார்க்க வேண்டும். புதுக்கடையில் புறப்பட்டால் தேங்காப்பட்டணம், மிடாலம், குளச்சல், திங்கள்சந்தை, இரணியல், தக்கலை, பத்மநாபபுரம், உதயகிரி என்று ஒரே நாளில் சுற்றி வரலாம். ஒவ்வொரு இடத்தையும் காப்பது வெவ்வேறு கை. குளச்சல் தூணுக்கு ராணுவம் உரிமை கொண்டாடுகிறது. பழைய திருவிதாங்கூர்ப் படையின் வாரிசான மதராஸ் ரெஜிமெண்டின் 9-ஆம் பட்டாலியன் குளச்சலைத் தன் வெற்றியாகவே கணக்கு வைத்திருக்கிறது. பத்மநாபபுரம் அரண்மனை தமிழ்நாட்டு மண்ணில் இருந்தாலும் பராமரிப்பது கேரளத் தொல்லியல் துறை; மரச் செதுக்கலும் வழுவழுப்பான கறுப்புத் தரையும் அதனால் தப்பின. உதயகிரி வனத்துறையிடம் பல்லுயிர்ப் பூங்காவாக இருக்கிறது. மானையும் பறவையையும் பார்க்க வரும் குடும்பங்கள், உலை இருந்த இடத்தைத் தாண்டிப் போய்விடுகின்றன. இரணியல் அரண்மனைக்கு நெடுங்காலம் கேட்பார் இல்லை. கூரை சரிந்து, சுவர்களில் மரம் முளைக்கும் வரை விட்டுவிட்டார்கள்.

உதயகிரியில் தவறவிடக் கூடாதது, கூரையில்லாத சிற்றாலயத்துக்குள் இருக்கும் டி லனாயின் கல்லறை. 1777 ஜூன் 1-ல் அங்கேயே இறந்தார். கல்லில் லத்தீனிலும் தமிழிலும் எழுதியிருக்கிறது. களக்காட்டுச் சண்டையில் 19 வயதில் இறந்த மகன் ஜொஹான்னஸும் பக்கத்திலேயே அடக்கம். ராஜாவுக்காக உயிர்விட்ட மகன், ராஜாவின் படையைக் கட்டிய தகப்பன். இருவரும் குளச்சலில் தோற்ற கட்சியின் வழிவந்தவர்கள்.

ஆனால் பட்டறையைக் கட்டுவது வேறு, அதைத் தொடர்ந்து நடத்துவது வேறு. டி லனாய் போய் 32 ஆண்டுகளில், 1809 பிப்ரவரியில், ஆங்கிலக் கம்பெனிப் படை ஆரல்வாய்மொழிக் கணவாயை உடைத்து உள்ளே வந்தது. உதயகிரியும் பத்மநாபபுரமும் எதிர்ப்பே இல்லாமல் கைமாறின. தலக்குளத்தில் பிறந்து, குண்டறையில் அறைகூவல் விட்ட ஒரு திவான் நடத்திய சண்டை அது.

வேலுத்தம்பி தளவாயின் அந்த 1809, அடுத்த வாரம்.